தீப்பொறியானின் கறுப்புக் கை

தீப்பொறியானுக்குத் தொப்பை கிடையாது. சாம்பலானுக்கு நன்றாகவே உண்டு. உலகத்தைக் காப்பாற்றுகிறவனும் அதை அழிக்க வருகிறவனும் ஒரே உடுப்பைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள் என்பதால், இந்தத் தொப்பை விவகாரம் ஊசியக்காவுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. கடைசியில் விலாப்புறத்தில் இரண்டு வரிசை கொக்கி வைத்துத் தைத்தாள். உள்வரிசையில் மாட்டினால் நாயகன், வெளிவரிசையில் மாட்டினால் வில்லன்.

ஊசியக்கா என்பது தொலைக்காட்சி நிலையத்தில் அவளுக்கு விழுந்த பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இரண்டு தையல் மெஷின், ஓர் இஸ்திரி மேஜை, திறக்கவே திறக்காத ஒரு ஜன்னல், இதுதான் உடுப்பு அறை. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். தினக்கூலியாகச் சேர்ந்து மூன்று வருடம் முடிவதற்கு ஒரு மாதம்தான் பாக்கி. முடிந்துவிட்டால் வேலை நிரந்தரம்.

அந்த நேரத்தில்தான் தீப்பொறியான் வந்து சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு இரண்டு பாகமாக ஒரு படம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. அதுவரை சாலையைக் கடப்பது எப்படி, தபால் பெட்டியில் கடிதம் போடுவது எப்படி என்று பத்து நிமிடப் படங்களாக எடுத்துக்கொண்டிருந்த டைரக்டருக்கு, திடீரென்று பறக்கும் மனிதனைப் பற்றிப் படம் எடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. கையில் காசு இல்லை என்பதெல்லாம் அவர் ஆசைக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

பறப்பது எப்படி என்றால், நாயகன் ஒரு ஸ்டூலில் குப்புறப் படுத்துக்கொள்வான். முன்னால் டேபிள் ஃபேன் சுற்றும். பின்னால் மேகம் வரைந்த படுக்கை விரிப்பை இரண்டு பேர் இழுத்துக்கொண்டே ஓடுவார்கள். மேகம் கசங்கினால் படப்பிடிப்பு நின்றுவிடும். அதை நீவிக் கொடுப்பதும் ஊசியக்காவின் வேலை. மேகத்துக்கு இஸ்திரி போட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். பிஸ்கட் டப்பாக்களை அடுக்கி ஒரு நகரத்தையே கட்டினார்கள். அது இடிந்து விழும் காட்சியில் உண்மையான ஈ ஒன்று வந்து பதினைந்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு நகரம் கட்ட டப்பா இல்லாததால் ஈயோடு அப்படியே ஒளிபரப்பானது.

உடுப்புக்குக் கிடைத்தது மழைக்கோட்டுத் துணி. ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் கறுப்பு. ஓர் ஆளுக்கு மட்டுமே போதும்படியான அளவு. ஆரஞ்சு வெளியே தெரிந்தால் தீப்பொறியான், திருப்பிப் போட்டால் சாம்பலான், அவ்வளவுதான் என்று ஊசியக்கா சொன்னபோது டைரக்டர் கைகுலுக்கியே விட்டார். எந்தப் பக்கம் பார்த்தாலும் தையல் தெரியாதபடி ஓரங்களை மடித்து மடித்துத் தைத்தாள். கை இரண்டையும் மட்டும் தனியாகத் தைத்து, தோளில் பிரஸ் பட்டன் வைத்தாள். வியர்வையில் ஒட்டிக்கொள்ளும் துணி அது. இறுக்கமான கையை உடம்போடு சேர்த்துத் திருப்ப முடியாது. கழற்றி, தனித்தனியாகத் திருப்பி, மறுபடி அழுத்திவிட்டால் ஆயிற்று. மூளை உள்ள வேலை. ஆனால் வினையும் அந்தப் பட்டனில்தான் இருந்தது.

கடைசி நாள் காலையில்தான் ஒரு விஷயம் எல்லாருக்கும் உறைத்தது. அன்று எடுக்க வேண்டியது சண்டை. நாயகனும் வில்லனும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். உடுப்போ ஒன்றே ஒன்று. இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டியவர் டைரக்டர். அவர் ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தார், பிறகு ஊசியக்காவைப் பார்த்தார். நாயகன் குத்துவதை எடுப்பது, உடுப்பைக் கழற்றித் திருப்புவது, வில்லன் விழுவதை எடுப்பது, மறுபடி திருப்புவது என்று முடிவானது. ஐந்து மணிக்குச் செய்திப் பிரிவுக்கு அரங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்குள் முப்பத்தேழு தடவை ஊசியக்கா அந்த உடுப்பைத் திருப்பினாள். நாயகன் உடற்பயிற்சி ஆசிரியர், வில்லன் வானொலி நாடகக் குரல்காரர். ஒருவர் வியர்வையை இன்னொருவர் போட்டுக்கொள்ள வேண்டிய கொடுமையில் இருவரும் உண்மையாகவே அடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். சண்டைக்காட்சி நன்றாக அமைந்ததற்கு அதுதான் காரணம்.

இருபத்திரண்டாவது தடவை, வலது கையைத் திருப்பி முடித்தபோது, செய்தி வாசிப்பவரின் கோட்டுப் பொத்தான் அறுந்துவிட்டது என்று ஓடிவந்து கூப்பிட்டார்கள். போனாள், தைத்தாள், திரும்பி வந்தாள். இடது கையையும் திருப்பியாயிற்று என்று நினைத்துக்கொண்டு தோளில் வைத்து அழுத்திவிட்டாள். ஆரஞ்சு உடம்பு, ஆரஞ்சு வலது கை, கன்னங்கரிய இடது கை. அப்படியே தீப்பொறியான் காமிராவின் முன் போய் நின்று, அந்த இடது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, “அநியாயமே, உன் ஆட்டம் முடிந்தது” என்று முழங்கினான். பதினோரு விநாடி. அரங்கில் இருந்த சின்னத் திரை கறுப்பு வெள்ளை. அதில் ஆரஞ்சும் கறுப்பும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஐந்து மணிக்குள் முடிக்கும் அவசரத்தில் எல்லாரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

வண்ணத்தில் பார்த்த ஊர் முழுக்க எல்லார் கண்ணிலும் பட்டது. கிண்டல் கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்தன. மேலிடம் விளக்கம் கேட்டது. டைரக்டர் எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் ஊசியக்கா கையில் ஒரு கடிதம் கிடைத்தது. உடுப்புத் தயாரிப்பில் தாங்கள் காட்டிய கவனக்குறைவு குறித்துப் படத்தின் டைரக்டர் அளித்த அறிக்கையின் பேரில் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். இரண்டே வரி. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு அவளுடையதுதானே, என்ன பேசுவது?

ஆனால் வெளியே சொல்ல வாய் வரவில்லை. அதற்கு முந்தின வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. ஏன் வேலைக்குப் போகவில்லை என்று பக்கத்து வீட்டில் கேட்டபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றாள். நாத்தனாரிடம் சொன்னாள். தன் அம்மாவிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. கணவர் ஒருவருக்குத்தான் நடந்தது தெரியும். அவர் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள்.

பிறகு திரைச்சீலைக் கடை ஒன்றில் இருபத்தேழு வருடம் தைத்தாள். கை இல்லாத துணி, திருப்பிப் போட அவசியமில்லாத துணி, நிம்மதியான வேலை. அதுவும் முடிந்தபின் வீட்டின் முன்னறையில் ஒரு மெஷின் போட்டு, கால்சட்டை நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது என்று சில்லறை வேலைகள். எந்தச் சட்டை வந்தாலும் கை இரண்டையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். வாடிக்கையாளர்கள் அதைத் தொழில் சுத்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். கடிதம் மெஷின் இழுப்பறையில், பாபின் டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

மகளுக்கு எதைச் சொன்னாளோ அது மகளின் மனதில் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. இதை மறைக்க முடியாது, சொல்லத்தான் வேண்டும்: ஊசியக்கா அந்தப் பொய்யை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டாள். மகள் சாப்பிடாவிட்டால், படிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், உனக்காக வேலையையே விட்டவள் நான் என்று ஒரு தடவை சொன்னால் போதும், பெண் கப்சிப். வளர்ந்து மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, தூரத்து ஊரில் பெரிய பதவி ஒன்று மகளைத் தேடி வந்தது. யாரிடமும் கேட்காமல் அவளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அம்மா எனக்காக ஒரு வேலையையே விட்டாங்க, நான் ஒரு புரமோஷனை விட்டா என்ன குறைஞ்சுபோச்சு என்றாள். ஊசியக்கா அன்று எதையோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கிவிட்டாள். அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மகள் வந்து, சனிக்கிழமை மத்தியானம் ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன், எங்கே என்று கேட்கக்கூடாது என்றாள். கம்பெனியில் அவளோடு வேலை பார்ப்பவர்கள் மாதம் ஒருமுறை போகும் இடமாம். நடன வகுப்பு நடக்கும் ஒரு கூடம், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அறுபது எழுபது பிளாஸ்டிக் நாற்காலி. அந்த மாதக் கூட்டத்தை நடத்துபவர் ஒரு பல் டாக்டர். வாசலில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒரு கறுப்புக் காலுறையை எடுத்து இடது கையில் முழங்கை வரை மாட்டிக்கொண்டார்கள். ஊசியக்காவிடமும் ஒன்றை நீட்டினார்கள். குதிகாலில் ஓட்டை. தைக்காமல் இதை யார் கொண்டுவந்து போட்டது என்று நினைத்தபடியே, எதற்கென்று தெரியாமல் மாட்டிக்கொண்டாள்.

விளக்கு அணைந்து திரையில் மேகம் வரைந்த படுக்கை விரிப்பு ஓடியதும், அது எந்தப் படம் என்று தெரிந்து அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கூட்டத்துக்கு வசனம் முழுக்க மனப்பாடம். ஸ்டூலின் கால் தெரிந்த இடத்தில் “ஸ்டூலுக்கு ஜே” என்றார்கள். பதினைந்தாவது மாடி ஈக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள். குளிர்சாதனப் பெட்டியின் அட்டைக்குள் இருந்த இயந்திர மனிதன் கதவில் மாட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து, தன் வசனத்தை அட்டைக்குள்ளிருந்தே சொன்னபோது ஊசியக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த அட்டைக்குள் இருந்தது நிலையத்தின் காவலாளி. எவ்வளவு மட்டமான படம், எவ்வளவு பாடுபட்டு எடுத்தது என்று ஒரே நேரத்தில் தோன்றியது. தோற்றுப்போகிறோம் என்று தெரியாமல் எல்லாரும் முழு மனதோடு நடித்திருந்தார்கள். அதனால்தான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடிந்தது.

பிறகு அந்தப் பதினோரு விநாடி வந்தது. கூடம் முழுக்க எழுந்து, கறுப்புக் காலுறை மாட்டிய இடது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அநியாயமே, உன் ஆட்டம் முடிந்தது என்று கத்தியது. மகளும் எழுந்து கையைத் தூக்கிக் கத்தினாள். பக்கத்துச் சுவர்க் கண்ணாடியில் இன்னும் எழுபது கறுப்புக் கைகள். ஊசியக்கா மட்டும் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள். முப்பத்திரண்டு வருடம் ஒளித்து வைத்ததை ஊரே கையில் மாட்டிக்கொண்டு ஆடுகிறதே என்று முகம் எரிந்தது.

அது கேலி இல்லை என்று படம் முடிந்தபின்தான் தெரிந்தது. பல் டாக்டர் முன்னால் வந்து பேசினார். தீப்பொறியானும் சாம்பலானும் வேறு வேறு ஆட்கள் இல்லை, ஒரே ஆளின் இரண்டு பக்கங்கள். அதற்கு டைரக்டர் நமக்காக விட்டுவைத்த ஒரே தடயம் அந்தக் கறுப்புக் கை என்றார். டைரக்டரின் பேட்டியிலிருந்து ஒரு பகுதியையும் வாசித்தார். நெருப்பின் கைதான் முதலில் சாம்பலாகும், அதைச் சொல்லாமல் சொல்ல மாதக்கணக்கில் யோசித்தேன் என்று அதில் இருந்தது. அடுத்த மாதம் அவரே நேரில் வருகிறார் என்று அறிவித்தபோது கைத்தட்டலில் கூடம் அதிர்ந்தது.

வெளியே வந்ததும் மகள், அந்த ஸ்டேஷன்லதானே அப்ப நீ வேலை பாத்தே, இந்தப் படம் உனக்கு ஞாபகம் இருக்கா என்று ஆசையாகக் கேட்டாள். மங்கலாக இருக்கிறது என்று சொல்லி ஊசியக்கா பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினாள். தப்பு என்றபோது அது தன்னுடையது, பெருமை என்றதும் அது அந்த டைரக்டருடையதா? அந்தத் தப்புக்காக வேலை இழந்தது யார், அவரா? அடுத்த மாதம் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறேன் என்றாள். கணவர் செய்தித்தாளை மடித்தார்.

“கேளு. ஆனா நீ எழுந்து நிக்கறப்ப பக்கத்து நாற்காலியில நம்ம பொண்ணு இருப்பா. அத யோசிச்சியா?”

யோசித்திருக்கவில்லை. ஆனால் ஆத்திரம் தணியவும் இல்லை. மறுநாள் முன்னறையில், வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி முன் நின்று, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தாள். கண்ணாடியில் இருப்பது டைரக்டர் என்று வைத்துக்கொண்டாள்.

“தப்பு நடந்தா நடந்துபோச்சுன்னு சொல்லணும் சார். வருஷம் போனப்புறம் அதுக்கு ஒரு காரணத்த ஜோடிச்சு, வேணும்னேதான் பண்ணேன், யோசிச்சுத்தான் பண்ணேன், தியாகம் பண்ணேன்னு…”

அங்கே நின்றுவிட்டாள். டைரக்டர் தத்துவம் என்று சொன்னாரே தவிர, தியாகம் என்று எங்கேயும் சொல்லவில்லை. அந்தச் சொல் அவளுடையது. கண்ணாடியில் இருந்தது டைரக்டர் இல்லை, கடிதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை. அந்த ஆள் செய்த அதே காரியத்தைத்தான் அவளும் செய்திருக்கிறாள். அவராவது முன்பின் தெரியாதவர்களின் காதில் பூச்சுற்றினார். இவள் பெற்ற பெண்ணிடம் செய்தாள். அவமானத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

அந்த மாதம் மூன்று தடவை மகள் வீட்டுக்கு வந்தாள். மூன்று தடவையும் சொல்லிவிடுவதென்று ஊசியக்கா தயாராக இருந்தாள். முதல் தடவை மருமகனும் கூட வந்துவிட்டார். இரண்டாவது தடவை மகளுக்குத் தலைவலி. மூன்றாவது தடவை ஒரு தடையும் இல்லை. தனியாக இருந்தார்கள், மத்தியான வெயில், தெருவில் சத்தமில்லை. ஊசியக்கா மகளின் சுடிதார் ஓரத்தில் நூல் பிரிந்திருப்பதைக் கண்டுபிடித்து, கழற்றச் சொல்லித் தைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. கூடத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் டைரக்டர், கைத்தடியோடு, தளர்ந்துபோய், முழுக்கை வெள்ளைச் சட்டையில். அவர் இடது கையிலும் ஒரு காலுறையை மாட்டிவிட்டிருந்தார்கள். ஊசியக்காவும் வாசலில் கொடுத்த காலுறையை மாட்டிக்கொண்டு ஐந்தாவது வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடிதம் கைப்பையில். படம் ஓடியது, ஈ வந்தது, ஸ்டூல் வந்தது, பதினோரு விநாடியும் வந்து போனது. விளக்கைப் போட்டு டைரக்டர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். முதல் கேள்வியே அந்தக் கையைப் பற்றித்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நெருப்பின் கைதான் முதலில் சாம்பலாகும் என்று தொடங்கினார்.

ஊசியக்கா எழுந்தாள். என்னம்மா என்று மகள் முந்தானையைப் பிடித்தாள். அதை மெல்ல விடுவித்துக்கொண்டு பேசினாள். ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

“சார், அது யோசிச்சு வெச்சது இல்ல. அது என் தப்பு. இடது கையத் திருப்ப மறந்துட்டேன்.”

கூடம் முழுக்கத் தலைகள் திரும்பின. டைரக்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ உஸ் என்றார்கள். பல் டாக்டர் மைக்கை வாங்க ஓரடி முன்னால் வந்து, பிறகு என்ன நினைத்தாரோ, நின்றுவிட்டார்.

“ஊசியக்கா,” என்றார் டைரக்டர்.

மைக்கில் அது கூடம் முழுக்கக் கேட்டது. அவர் கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்தார். பிறகு, ஆமாம், அந்தம்மா சொல்வதுதான் நிஜம் என்றார். இந்தப் படத்துக்கு ஒன்றரை மாதம் தூங்காமல் கதை எழுதியதாகவும், அதைப் பற்றி இதுவரை ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை என்றும், எல்லாரும் அந்தக் கையைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள் என்றும் சொன்னார். முதல் தடவை கேட்டபோது தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒன்றைச் சொல்லி வைத்தேன், அதையே பிடித்துக்கொண்டேன் என்றார். உங்க வேலையே போயிடும்னு நான் அன்னிக்கு நினைக்கலம்மா என்று கடைசியாகச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

அவரை ஒருவழி பண்ணிவிடுவது என்றுதான் ஊசியக்கா ஒரு மாதமாக இருந்தாள். இப்போது அதில் ஆசை போய்விட்டது. இந்த ஆளின் குட்டு உடைந்துவிட்டது. தன்னுடையது பாக்கி இருக்கிறது.

“உங்கள மட்டும் சொல்லி என்ன சார். நானும் அதையேதான் பண்ணேன்,” என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்க்காமல், பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்: “நான் வேலைய விடல கண்ணு. அவங்கதான் அனுப்பிட்டாங்க. உன் காய்ச்சல் அதுக்கு முந்தின வாரமே சரியாயிடுச்சு.”

இந்த வாக்கியம் கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. புரிய வேண்டியவளுக்குப் புரிந்தது. மகள் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தபடியே இருந்தாள்; அவள் முகத்தில் ஈயாடவில்லை.

பல் டாக்டர்தான் நிலைமையைச் சமாளித்தார். அன்று மொத்தம் எத்தனை தடவை உடுப்பைத் திருப்பினீர்கள் என்று கேட்டார். முப்பத்தேழு என்றாள். அவர் பல்லை எண்ணுகிற கவனத்தோடு யோசித்தார்.

“அப்ப முப்பத்தாறு தடவை சரியாத் திருப்பியிருக்கீங்க,” என்றார்.

இதை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அவளே தனக்குச் சொல்லிக்கொண்டதும் இல்லை.  கூட்டம் எழுந்து கறுப்புக் கைகளை உயர்த்தியது. இந்தத் தடவை திரையைப் பார்த்து இல்லை. அவர்களுக்குத் தத்துவம் போனதில் துளியும் வருத்தமில்லை. தப்புக்காகத்தானே மாதா மாதம் வந்துகொண்டிருந்தார்கள். இன்று அதைச் செய்தவளையே பார்த்துவிட்டார்கள். ஊசியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, சந்தோஷப்பட இது நேரமில்லை என்றும் இருந்தது. ஏனென்றால் மகள் கையைத் தூக்கவில்லை.

பஸ் நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். மகள் இரண்டடி முன்னால் போனாள். நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தும் உட்காரவில்லை.

“அந்த ஊருக்கு நான் போயிருப்பேன்மா,” என்றாள், சாலையைப் பார்த்துக்கொண்டே.

“தெரியும்.”

“அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.”

இதற்குமேல் பூசி மெழுக ஊசியக்காவிடம் ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்டால் அதுவும் ஒரு சாமர்த்தியமாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மகளிடம் கொடுத்தாள். மடித்த இடங்களில் நைந்து, பாபின் டப்பாவின் எண்ணெய்க் கறை படிந்த தாள். மகள் அந்த இரண்டு வரியையும் நின்றபடியே படித்தாள். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது என்பதைக் கணக்குப் போடுகிறாள் என்று ஊசியக்காவுக்குத் தெரிந்தது.

“சின்ன வயசுல எப்பல்லாம் காய்ச்சல் வருமோ, அப்பல்லாம் உன்கிட்ட சொல்லாம மறைப்பேன்,” என்றாள் மகள். “என்னால உனக்குக் கடை வேலையும் போயிடுமேன்னு.”

ஊசியக்காவுக்கு இது தெரியாது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். மகள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

“அத ஏன் நீ வெச்சுக்கற? குடு,” என்றாள் ஊசியக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“என்கிட்டயே இருக்கட்டும். அடுத்த தடவ சண்டை வந்தா எடுத்துக் காட்டணும்ல?”

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறி ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். சீட்டு வாங்கக் கையை நீட்டியபோதுதான் ஊசியக்கா இன்னும் காலுறையைக் கழற்றவில்லை என்பது தெரிந்தது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார்.

“எங்கம்மா அப்படித்தான்,” என்றாள் மகள். “ஒரு கை மட்டும் மறந்துடுவாங்க.”